காலனி வந்த வழி

சேந்தமங்கலத்துக்கு இலத்தீன் 1623-இல் வந்தது. கொல்லிமலையின் மேற்கு அடிவாரத்தை ஒட்டிய இந்த ஊர் அப்போது மதுரை நாயக்கருக்கு அடங்கிய ஒரு பாளையத்தின் தலைநகர். ஆண்டவர் இராமச்சந்திர நாயக்கர். நாமக்கல் பாறை உச்சியில் நிற்கும் கோட்டையைக் கட்டியவர் என்று இன்றும் சொல்லப்படுபவர் அவர்தான். மதுரையிலிருந்து திருச்சி வழியாக வந்த ஒரு சந்நியாசியை அவர் மரியாதையோடு வரவேற்றார். காவி உடை, காலில் பாதக்குறடு, நெற்றியில் சந்தனம், சோறும் காய்கறியும் மட்டுமே உணவு. தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றும் அந்தச் சந்நியாசிக்குத் தெரிந்திருந்தன. தமிழ்நாட்டில் அவர் தத்துவபோதகர். சொந்த நாட்டில் ராபர்ட் தே நோபிலி, 1577-இல் பிறந்த இத்தாலியப் பிரபு குலத்து இயேசு சபைப் பாதிரியார்.

அதே 1623-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி, ரோமில் போப் பதினைந்தாம் கிரகோரி ஓர் ஆணை பிறப்பித்தார். கிறிஸ்தவம் தழுவிய தமிழர்கள் பூணூல் அணியலாமா, குடுமி வைக்கலாமா, சந்தனம் பூசலாமா என்று பல ஆண்டுகளாக நடந்த சண்டைக்கு அதில் ஒரு முடிவு சொல்லப்பட்டிருந்தது. கோவாவில் 1619-இல் கூடிய சபையில் நோபிலிக்கு எதிராகவே பெரும்பாலோர் பேசினார்கள். இவையெல்லாம் சாமி கும்பிடும் அடையாளங்கள் என்பது அவர்கள் கட்சி. ஒரு சமூகத்தார் தம்மை உடுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முறைதான், வழிபாடு இல்லை என்பது நோபிலியின் கட்சி. அதற்காக 1613-இலேயே இலத்தீனில் நீண்ட விளக்கம் எழுதினார். போப்பு நிபந்தனைகளோடு நோபிலி பக்கம் சாய்ந்தார்.

இந்த வழக்கில் எனக்குச் சுவையாகப் படுவது வேறு. வழிபாட்டுக்கு இலத்தீனில் ‘குல்துஸ்’ என்று பெயர். உடுத்தி, வாரி, பூசி அலங்கரித்துக்கொள்வதற்கும் ‘குல்துஸ்’ என்றுதான் பெயர். இரு கட்சிக்காரர்களும் ஒரே சொல்லின் இரண்டு முனைகளைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்ச்சொல்லைப் பெற்ற வினை ‘கொலெரெ’. சேந்தமங்கலத்து மண்ணில் இந்த வினையின் பிள்ளைகள் பலர் இன்று நடமாடுகிறார்கள். ஒருவன் மட்டும் கெட்ட பெயரோடு.

கொலெரெவுக்கு இலத்தீன் அகராதிகள் மூன்று பெரிய பொருள்களைச் சொல்லும். நிலத்தைப் பயிர்செய்தல். ஓரிடத்தில் குடியிருத்தல். தெய்வத்தை வழிபடுதல். மாடு பூட்டி உழும் செயலுக்கு ‘அராரெ’ என்ற தனி வினை இருக்கிறது. கொலெரெ என்பது உழவோடு நிற்காமல் எரு போட்டு, களை பறித்து, ஆண்டு முழுவதும் நிலத்தின் முகம் பார்த்துக் கிடப்பது. தமிழில் ஒற்றைச் சொல் வேண்டுமென்றால் ‘பேணு’ என்பதைச் சொல்வேன். நிலம் பேணலாம், வீடு பேணலாம், தெய்வமும் பேணலாம். பழந்தமிழில் தெய்வம் பேணுதல் என்றால் வழிபடுதல்தான்.

இந்த வினையின் பழைய வடிவம் ‘க்வெலோ’ என்பது போன்று ஒலித்தது. அதிலிருந்துதான் ‘கொலோ’ ஆயிற்று. வாடகைக்குக் குடியிருப்பவரைக் குறிக்கும் ‘இன்குயிலீனுஸ்’ என்ற சொல்லில் அந்தப் பழைய ‘க்வ’ அழியாமல் கிடக்கிறது. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இதன் வேருக்குச் சுற்றுதல், திரிதல், திரும்பத் திரும்ப வருதல் என்று பொருள். அந்த வேரிலிருந்து கிரேக்கத்தில் வட்டத்தைக் குறிக்கும் ‘குக்லோஸ்’ வந்தது, நம் தெருவில் ஓடும் சைக்கிளாயிற்று. ஆங்கிலத்தில் வீல் ஆயிற்று. சமஸ்கிருதத்தில் சக்கரம் ஆயிற்று. அதே சமஸ்கிருதத்தில் ‘சர’ என்ற வினையாகி, சஞ்சாரம், பிரசாரம், விசாரணை, சரித்திரம், பிரமசாரி, ஆசாரம் என்று ஒரு பெரிய குடும்பமாகத் தமிழுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பூசையில் சாமிக்குச் செய்யும் பதினாறு உபசாரங்களும் இந்தக் குடும்பம்தான். திரிதலில் தொடங்கிய சொல் வடக்கே சமஸ்கிருதத்திலும் மேற்கே இலத்தீனிலும் தனித்தனியாக நடந்து, இரண்டு இடத்திலும் சாமி சந்நிதியில் போய் நின்றிருக்கிறது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, விழாமல் தாண்ட வேண்டும். கொல்லிமலை, கொல்லை, கொலு என்றெல்லாம் நம்மிடம் சொற்கள் இருக்க, கொலோவைக் கண்டதும் கை துறுதுறுக்கும். சேலம் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ் கற்பித்த தேவநேயப் பாவாணர், உலக மொழிகளுக்கெல்லாம் தமிழில் வேர் தேடியவர். அவருடைய உழைப்பின் மேல் எனக்கு மதிப்பு உண்டு, முறையின் மேல் இல்லை. கொலோவில் இருக்கும் ‘கொ’ பிற்காலத்து ஒலிமாற்றத்தில் வந்தது. ‘க்வெ’ என்று அது இருந்த காலத்தில் கொல்லைக்கும் அதற்கும் ஒலி ஒற்றுமைகூடக் கிடையாது. ‘ஏர்’, ‘அராரெ’ ஜோடியும் இப்படித்தான். ஒலி ஒத்துப்போவதால் மட்டும் உறவு வந்துவிடாது.

உறவு வேறு இடத்தில் இருக்கிறது: பொருளில்.

உழவைப் பார்த்தவர்களுக்குச் சுற்றுதலும் பயிர்செய்தலும் ஒரே வேரில் வந்தது விளங்கும். நம் பக்கத்து உழவர் வயலை நீளவாக்கில் கோடு கிழிப்பதில்லை. ஒரு ‘விலா’ பிரித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவார். முன்னத்தி ஏர் போகும், பின்னால் மற்ற ஏர்கள் சால் விட்டுச் சால் பிடித்துப் போகும். மூலையில் மேழியைச் சற்றே தூக்கிச் சாய்த்து, மாட்டை நாக்கால் ஒரு சத்தம் கொடுத்துத் திருப்ப வேண்டும். உழவு தெரிந்தவனா இல்லையா என்பது அந்தத் திருப்பத்தில் தெரிந்துவிடும். கொல்லிமலைச் சரிவில் இது இன்னும் கடினம். வண்டல் வயலில் ஓடுகிற கனத்த கலப்பை அங்கே ஏறாது. சிறிய மாடு, இலேசான மரக்கலப்பை. மாடும் போக முடியாத இடத்தில் கொத்துதான். அதனால்தான் அதற்குக் கொத்துக்காடு என்று பெயர். சாமையும் தினையும் கேழ்வரகும் அப்படி விளைந்தவை.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கேட்டோ எழுதிய வேளாண்மை நூல்தான் இலத்தீன் உரைநடையில் முழுதாகக் கிடைக்கும் மிகப் பழைய நூல். அதன் பெயரிலேயே கொலெரெ இருக்கிறது, அக்ரி குல்தூரா. எத்தனை ஆள், எத்தனை கூடை, ஆலிவ் எண்ணெயை எப்படி ஆட்டுவது என்று கறாராகக் கணக்குச் சொல்லிக்கொண்டே வருகிறவர், நடுவில் நிலத்தைத் தீட்டு நீக்கும் சடங்கைச் சொல்கிறார். ஒரு பன்றி, ஒரு ஆடு, ஒரு காளை மூன்றையும் வயலைச் சுற்றி நடத்திவந்து, பிறகு பலி கொடுத்து, மார்ஸ் தெய்வத்திடம் பயிரையும் பிள்ளைகுட்டிகளையும் காக்கச் சொல்லி வேண்டிக்கொள்ள வேண்டும். பண்ணைக் கணக்கும் பூசை முறையும் ஒரே புத்தகத்தில் இருப்பது நமக்கு விநோதம். கொலெரெ என்று பேசியவனுக்கு அது ஒரே வேலை.

புது ஊரை நிறுவும்போதும் ரோமர்கள் சுற்றித்தான் வந்தார்கள். பயிர்செய்பவன் ‘கொலோனுஸ்’, அப்படிப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய ஊர் ‘கொலோனியா’. ஊரை நிறுவுகிறவர் தலையில் முக்காடிட்டு, ஒரு காளையையும் ஒரு பசுவையும் ஒரே நுகத்தில் பூட்டி, வெண்கலக் கொழு போட்ட கலப்பையால் ஊர் எல்லையைச் சுற்றி ஒரு சால் ஓட்டுவார். காளை வெளிப்பக்கம், பசு உள்பக்கம். கட்டி உள்ளே விழ வேண்டும். வாசல் வர வேண்டிய இடத்தில் கலப்பையைத் தூக்கிவிடுவார், அங்கே மட்டும் சால் அறுபடும். கொலோனியாக்கள் அடித்த நாணயங்களில் இந்த உழவுக் காட்சியே முத்திரை. சால் சுற்றிய பிறகு அளவுக்காரர்கள் வந்து நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, படையிலிருந்து ஓய்வுபெற்ற வீரர்களுக்குக் கொடுத்தார்கள். கொலோனியாவில் இடம் கிடைத்தவனுக்கு வீடும் கிடைத்தது, உழ நிலமும் கிடைத்தது, ஊர்க் கோயிலில் உரிமையும் கிடைத்தது. கொலெரெயின் மூன்று பொருளும் சேர்ந்தே கைக்கு வந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் பக்கத்தில் சோழர் செப்பேடுகள் சொல்லும் முறையைப் பாருங்கள். ஒரு ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது பெண்யானையை எல்லை நெடுகச் சுற்றி நடக்கவிட்டு, அது போன தடத்தில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். பிடி சூழ்தல் என்று பெயர். அங்கே காளையும் பசுவும், இங்கே யானை. சுற்றி வந்தால்தான் ஊர் என்பது இரண்டு இடத்திலும் ஒன்று. அப்படிக் கொடுக்கப்பட்ட பிராமணக் குடியிருப்புகளுக்குச் சதுர்வேதிமங்கலம் என்று பெயரிட்டார்கள். நாளடைவில் ‘மங்கலம்’ மட்டும் நின்றது. சேந்தமங்கலத்தின் பின்பாதி அந்தச் சொல். முன்பாதியில் இருக்கும் சேந்தன், முருகனுக்கும் ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன் ஒருவனுக்கும் பெயர். கள்ளக்குறிச்சிப் பக்கம் இன்னொரு சேந்தமங்கலம் இருக்கிறது. மூன்றாம் இராசராச சோழனை 1231-இல் கோப்பெருஞ்சிங்கன் சிறைவைத்த ஊர் அது. இரண்டையும் குழப்பி எழுதும் கட்டுரைகள் உண்டு.

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு. மலை மேல் பதினான்கு நாடுகள்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு என்று போகும். ஊராட்சிகளுக்கும் அதே பெயர்கள்தான். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அண்ணன் தம்பிகள் பிரிந்து சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனதாகக் கதை. மலையை ஆள்பவர் மலையாளி. கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று ஒவ்வொரு தலைமுறையும் வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு சட்டமன்றத் தொகுதிகளில் ஏற்காடு ஒன்று, சேந்தமங்கலம் மற்றொன்று.

வளப்பூர் நாட்டில் பெரியகோவிலூரில் அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிக்கட்டு அதன் பக்கத்தில்தான். அந்தக் கோயிலின் தலக்கதை இது. ஒரு குடியானவர் தன் காட்டை உழுதுகொண்டிருந்தார். கொழு எதிலோ இடித்தது. மண்ணை விலக்கிப் பார்த்தால் லிங்கம். கொழு பட்ட இடத்தில் இரத்தம் கசிந்தது. அந்த வடு இன்றும் லிங்கத்தின் உச்சியில் இருப்பதாகக் காட்டுவார்கள். நிலத்தில் புதைந்த சாமி ஏர்முனையில் வெளிப்படுவது தமிழ்நாட்டில் பல ஊர்களில் கேட்கிற கதைதான். இருந்தாலும் இந்தக் கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான கதை எங்கே கிடைக்கும்? பயிர்செய்யப் போனவன் கொழுமுனையிலேயே வழிபாட்டைத் தொட்டுவிட்டான். கேட்டோவிடம் சொல்லியிருந்தால் புருவம்கூட உயர்த்தியிருக்க மாட்டார்.

இலத்தீனில் கொலெரெ சுமந்த மூன்று பொருளையும் தமிழில் ஒரே வேரில் காட்ட முடியுமா என்று தேடினால், கண்ணுக்கு முன்னால் ‘குடி’ நிற்கிறது. குடியிருப்பது வீடு. பயிர்செய்பவர் குடியானவர். கோயிலில் தெய்வம் குடிகொண்டிருக்கிறது. கொங்கு நாட்டிலும் சேலம், நாமக்கல் வட்டாரத்திலும் ஒரு குலதெய்வத்துக்கு உரிய வழிபாட்டுக் குடும்பங்களைக் குடிப்பாட்டு மக்கள் என்பார்கள். கும்பாபிஷேக அழைப்பிதழின் அடியில் ‘இங்ஙனம் குடிப்பாட்டு மக்கள்’ என்று அச்சாகி வரும். குடியும் கொலெரெயும் உறவில்லாத சொற்கள். ஆனால் நிலத்தை நம்பி வாழ்ந்த இரண்டு கூட்டத்தார் ஒரே முடிச்சைப் போட்டிருக்கிறார்கள்.

முடிச்சு அவிழ்ந்தது மேற்கேதான் முதலில். சிசரோ, நிலத்தைப் பண்படுத்துவதுபோல் மனத்தைப் பண்படுத்துவதே தத்துவம் என்ற கருத்தை எழுதிவைத்தார். கி.மு. 45-இல் அது ஓர் உவமைதான். பின்வந்த ஐரோப்பியர் உவமையை வைத்துக்கொண்டு வயலை விட்டுவிட்டார்கள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கல்ச்சர் என்றால் கலை, கல்வி, நாகரிகம் என்று ஆகிவிட்டது. அந்தப் பொருளோடு சொல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது முதலில் ‘கலாசாரம்’ என்று பெயர்த்தார்கள். அதில் உள்ள ஆசாரம், மேலே சொன்ன ‘சர’ வினையின் பிள்ளை. கொலெரெயின் ஒன்றுவிட்ட தம்பி மகன். மொழிபெயர்த்தவர் அறியாமலே உறவுக்காரனைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்திவிட்டார். ஆசாரத்தைப் பாடும் சதகம் ஒன்று அறப்பளீசுரர் பெயரிலேயே இருக்கிறது, அம்பலவாணக் கவிராயர் பாடியது. அதுவும் தற்செயல்தான்.

பிறகு ‘பண்பாடு’ வந்தது. இந்தச் சொல்லைக் கல்ச்சருக்கு இணையாக முதலில் ஆண்டவர் ரசிகமணி டி.கே.சி. என்று எஸ். வையாபுரிப் பிள்ளை குறித்திருக்கிறார். கலாசாரத்தைவிட இது நல்ல தேர்வு என்பது என் எண்ணம். பண்படுத்துதல் என்பது உழவர் வாயில் இன்றும் இருக்கும் சொல். நாலு உழவு ஓட்டி, கட்டி உடைத்து, எரு விட்டுப் பண்படுத்திய நிலம். சிசரோவின் உவமையில் தொலைந்துபோன வயல் டி.கே.சி.யின் சொல்லில் திரும்பக் கிடைத்தது. ஆங்கிலச் சொல்லும் நம் ஊரில் வயலுக்கே திரும்பிவிட்டதுதான் வேடிக்கை. நாமக்கல் மாவட்டத்து வாழைத்தோட்டக்காரரிடம் கல்ச்சர் என்றால் அவருக்கு நினைவு வருவது பரதநாட்டியம் இல்லை, டிஷ்யூ கல்ச்சர் கன்று. மிளகுக்கொடிக்கு மானியம் கேட்டுப் போகும் இடம் ஹார்ட்டிகல்ச்சர் ஆபீஸ். இரத்தம், சிறுநீர் கொடுத்துவிட்டு ‘கல்ச்சர் ரிசல்ட்’டுக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. அங்கே பயிராவது கிருமி. வழிபாட்டுப் பொருளை மட்டும் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஓடாத படம் பத்து வருஷம் கழித்துக் கொண்டாடப்பட்டால் அது ‘கல்ட் படம்’.

இனி அந்தக் கெட்ட பெயர்க்காரன்.

ரோமிலேயே கொலோனுஸின் நிலை இறங்கத் தொடங்கியிருந்தது. சொந்த நிலம் வைத்திருந்த உழவன், குத்தகைக்காரன் ஆனான். பிறகு நிலத்தை விட்டு நகரக்கூடாதவன் ஆனான். ஓடிப்போக நினைக்கும் கொலோனுஸைச் சங்கிலியிட்டு வேலை வாங்கலாம் என்று கி.பி. 332-இல் கான்ஸ்டன்டைன் சட்டம் போட்டார். தஞ்சைப் பக்கத்துப் பண்ணையாளுக்கு அந்தச் சட்டத்தைப் படித்துக் காட்டியிருந்தால் புதிதாக ஒன்றும் தெரிந்துகொண்டிருக்க மாட்டார்.

கொலோனியா என்ற ஊர்ப்பெயர் மட்டும் கௌரவமாகத் தப்பித்தது. ரைன் நதிக்கரையில் கி.பி. 50-இல் நிறுவிய கொலோனியாதான் இன்றைய ஜெர்மனியின் கோல்ன். ஆங்கிலத்தில் கொலோன். அந்த ஊரில் 1709-இல் ஃபரீனா என்ற இத்தாலியர் வாசனைத் தைலக் கடை வைத்தார். ‘கொலோன் தண்ணீர்’ என்ற பொருளில் ஒரு பிரெஞ்சுப் பெயர் அந்தத் தைலத்துக்கு நிலைத்தது. அதைத்தான் நம் மருந்துக்கடைகளில் யூடிகோலன் என்று கேட்டு வாங்கி, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் துணி நனைத்துப் போட்டோம். இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துப் பெயரின் வால்பகுதியும் கொலோனியாதான். அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் பெயரில் வரை அது போய் ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலத்தில் காலனி என்றால் கடல் கடந்து போய்ப் பிடித்த நாடு. அந்தப் பொருளில் நாமே ஒரு காலனி. ஆனால் தமிழ்நாட்டுத் தெருவுக்கு அந்தச் சொல் வந்தது அரசியல் மேடை வழியாக இல்லை, வீட்டுமனை வழியாக. ஊருக்கு வெளியே வைப்பது என்ற ஏற்பாடு அதற்கு முன்பே பழையது. தஞ்சைப் பெரியகோயிலுக்கு இராசராசன் விட்ட ஊர்களில் வரி இல்லாத இடங்களைக் கல்வெட்டு வரிசைப்படுத்தும்போது, ஊர்நத்தம் ஒன்றாகவும் பறைச்சேரி வேறாகவும் கம்மாணச்சேரி வேறாகவும் எண்ணப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுக் கணக்கு அது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர், அந்தச் சேரி மக்களுக்கு நிலமே இல்லை என்பதை அறிக்கையாக எழுதினார். 1892-இல் வந்த ஆணையின்படி கொடுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். அவற்றில் எவ்வளவு இன்று உரியவர் கையில் இருக்கிறது என்பது தனிக் கட்டுரை. 1920-களில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை, ஒடுக்கப்பட்டோருக்கு வீட்டுமனை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றது. சுதந்திரத்துக்குப் பிறகு ஹரிஜன நலத்துறை, 1974 முதல் தாட்கோ என்ற வீட்டுவசதிக் கழகம். சேரியிலிருந்து தள்ளி, ஊரிலிருந்தும் தள்ளி, வரிசையாகத் தொகுப்பு வீடுகள். இந்த வரிசைக்குத்தான் காலனி என்று பெயர் விழுந்தது.

இங்கே ரோமானியக் கொலோனியாவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே படைவீரனுக்கு மூன்றும் கிடைத்தன என்று சொன்னேன். இங்கே கொடுத்தது இரண்டு மூன்று சென்ட் மனை. உழும் நிலம் அடுத்தவருடையது. ஊர்க்கோயில் வாசல் சாத்தியிருந்தது. கொலெரெயின் மூன்று பொருளில் முதலாவதையும் மூன்றாவதையும் கழித்துவிட்டு, குடியிருத்தலை மட்டும் எல்லைக்கு வெளியே நிறுத்தினால் எது மிஞ்சுமோ அதுதான் தமிழ்நாட்டுக் காலனி. சொல்லின் மேல் பழி போட வேண்டியதில்லை, நாம் அதற்குக் கொடுத்த பொருள் அவ்வளவுதான்.

இதற்குள்ளும் ஒரு நுட்பம் இருக்கிறது. பேங்க் காலனி, ரயில்வே காலனி, டீச்சர்ஸ் காலனி, என்.ஜி.ஓ. காலனி என்று முன்னால் ஒரு வேலையின் பெயர் வந்தால் சொல் நிமிர்ந்து நடக்கும். கல்யாணப் பத்திரிகையில் போடலாம், மனை விலையும் ஏறும். முன்னால் ஒன்றும் இல்லாமல் ‘காலனி’ என்று தனியாக நின்றால் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். ‘எந்த ஊர்ப்பா?’ என்ற கேள்விக்கு ஊர்ப்பெயரைச் சொன்ன பிறகு ‘ஊரா, காலனியா?’ என்று அடுத்த கேள்வி வருமே, அதில் சாதியைக் கேட்டதாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ‘காலனி’க்குப் பதில் ‘காலணி’ என்று எழுதிய பலகைகளையும் சான்றிதழ்களையும் பார்த்திருப்பீர்கள். எழுத்துப்பிழைதான். ஆனால் மூன்று சுழி போட்டதால் ஓர் ஊர்ப்பெயர் செருப்பாகிவிடுவதை, அங்கே குடியிருப்பவர் எழுத்துப்பிழையாக மட்டும் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமைக் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். செய்ய வேண்டியதுதான். தபால் முகவரியிலும் பள்ளிச் சான்றிதழிலும் ஒரு பிள்ளை சுமந்து போகிற சொல் அது. மாற்றுச் சொல்லாக ‘குடியிருப்பு’ என்று பலரும் எழுதுகிறார்கள். குடியின் குடும்பத்துச் சொல், குறை சொல்ல முடியாது.

ஆனால் தூய தமிழ்ச்சொல் என்பதாலேயே அது கெடாது என்று நம்பிவிடக் கூடாது. காலனிக்கும் குடியிருத்தலுக்கும் நடுவே இலங்கைத் தமிழர் ஒரு சொல்லைப் பழகியிருக்கிறார்கள், ‘குடியேற்றம்’. கொலோனியாவுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் கிடையாது. 1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அதிகாரிகள் பார்வையில் குடியேற்றத் திட்டம்தான். நிலமும் கொடுத்தார்கள், நீரும் கொடுத்தார்கள், வீடும் கொடுத்தார்கள், ரோமர்கள் கொடுத்ததுபோல. கொடுத்தது பெரும்பாலும் வெளியிலிருந்து கொண்டுவந்த சிங்களக் குடும்பங்களுக்கு. 1956-இல் அந்தக் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ போய், குடியேற்றம் எவ்வளவு அழகான தமிழ்ச்சொல் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.